கைநாட்டும் கையெழுத்தும்

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிச் சிலமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. நானும் கல்வியைப் பற்றியே பேச வந்துள்ளேன். ஆனால் நான் தேர்ந்துகொண்ட பொருள் சற்றே வேறானது. புற்றுநோய்க்கான புதிய மருந்துகள் எவ்வாறு உருவாக்கப்படுகின்றன, அவை மனிதர்க்குக் கொடுத்து எவ்வாறு சோதிக்கப்படுகின்றன என்பதே அது. "பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் மருந்து ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லன். வரலாறு பயின்ற ஆசிரியன். எனினும், இப்பொருள் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவர்க்கும் உரியது. எழுதப் படிக்கத் தெரியாத தாய் தந்தையர்க்குப் பிள்ளைகளாய்ப் பிறந்த நமக்கு மிகவும் உரியது. அதன் காரணம் உரையின் போக்கில் விளங்கும்.

நம் மக்களுள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். மலைக்குளிருக்கும் பசிக்கும் மாற்றாக வெற்றிலையும் புகையிலையும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் அவர்களிடையே உண்டு. நம் நாட்டு ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. பெண்களை மார்பகப் புற்றுநோயும் கருப்பை வாய்ப் புற்றுநோயும் பெரிதும் வருத்துகின்றன. நோய் கண்டவர் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும், சென்னை அடையாற்றுக்கும், சிலர் மலைக்கு அப்பால் கோட்டயத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் செல்கின்றனர். இப்படிச் செல்லும் ஒருவரிடம் என்றேனும் ஒரு நாள், "புதிய மருந்து ஒன்றை ஆராய்ந்து வருகிறோம், நீங்களும் அதில் சேருகிறீர்களா?" என்று கேட்டு, பத்துப் பதினைந்து பக்கத் தாள்களை நீட்டக்கூடும். அந்த நேரத்தில் அவர் என்ன செய்யவேண்டும்? மிரண்டு ஓடவேண்டுமா? கும்பிட்டுக் கைநாட்டு வைக்கவேண்டுமா? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

சோதனை ஏன் வேண்டும்?

மருந்தை மனிதர்மீது சோதிப்பது என்று சொன்னவுடனே நம் மனம் பதறுகிறது. "நாங்கள் என்ன எலிகளா?" என்று கேட்கிறோம். கேள்வி நியாயமானதே. ஆயினும் இன்று மருத்துவமனையில் நாம் பெறும் ஒவ்வொரு புற்றுநோய் மருந்தும், யாரோ ஒருவர் தம் உடலில் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட பிறகே நம் கைக்கு வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஒரு சான்று கூறுகிறேன். அந்நாளைய சென்னை மாகாணத்தில் பீமவரம் என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது அறுவை மருத்துவ வகுப்பில் கதராடை அணிந்து நின்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிடைத்தது. பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அவரது ஆய்வுக்குழு ஆக்கித் தந்த அமினோப்டெரின் என்னும் மருந்தைப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 குழந்தைகளிடம் நோய் பின்வாங்கியது. இச்செய்தி 1948ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அந்தக் குழந்தைகள் நெடுநாள் வாழவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனால் மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. அதே குழுவிலிருந்து வந்த மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து இன்றும் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. சுப்பாராவ் அதே 1948ஆம் ஆண்டில் மறைந்தார்.

இன்னொரு சான்று நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. நித்தியகல்யாணி என்றும், சுடுகாட்டு மல்லி என்றும் நாம் அழைக்கும் செடியை அறியாதார் இல்லை. அதன் சாற்றிலிருந்து 1950களின் இறுதியில் கனடா நாட்டு ஆய்வாளர் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றியமையாத மருந்தாயிற்று. ஆனால் அச்செடியைப் பறித்து அரைத்துக் குடித்தால் நோய் தீராது. உயிருக்கே கேடு விளையும். எந்தப் பொருள், எந்த அளவில், எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்பதை வகுத்துத் தந்தது சோதனையே ஆகும். "புற்றுக்குக் கைகண்ட மருந்து" என்று ஊர் ஊராக விற்று நம் ஏழை மக்களின் கடைசிப் பணத்தையும் பறிக்கும் பொட்டலங்கள் எந்தச் சோதனைக்கும் ஆட்படாதவை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

நம் தமிழகத்திலும் இப்பணி நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் அரிய முயற்சியால் 1954ஆம் ஆண்டில் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே ஈந்து தொண்டாற்றினர். 1980களில், அடையாறும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே ஒழுங்கான மருந்து முறையை வகுத்துப் பின்பற்றின. ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிது என்றிருந்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைக்கும் நிலை உண்டாயிற்று. அந்த ஆய்வில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் பலர் நம்மைப் போன்ற எளியவர்களே.

சோதனை நடக்கும் முறை

புதிய மருந்து ஒன்று நோயாளியிடம் வந்து சேருவதற்குப் பல படிகளைக் கடக்கவேண்டும்.

முதலாவதாக, ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கலங்களில் வளர்க்கப்படும் புற்று உயிரணுக்கள்மீது மருந்து செலுத்தப்படுகிறது. பின்னர் எலி முதலிய விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கின்றனர். இவற்றில் தேறினால்தான் மனிதரிடம் வரலாம்.

மனிதரிடம் நடக்கும் சோதனை மூன்று கட்டங்களாகும். முதற்கட்டத்தில் சில பதின்மரிடம் மட்டும், எந்த அளவு வரை உடல் தாங்கும் என்று பார்க்கின்றனர். மற்ற நோய்களுக்கான மருந்துகளை இக்கட்டத்தில் நலமுள்ளவர்க்கே கொடுப்பது வழக்கம். புற்றுநோய் மருந்துகளுள் பல கடுமையானவை. ஆகவே அவற்றை முதற்கட்டத்திலேயே பெரும்பாலும் நோயாளிகளிடமே சோதிக்கின்றனர். இரண்டாம் கட்டத்தில் இன்னும் சற்று மிகுதியானோரிடம், மருந்து நோயைக் குறைக்கிறதா என்று ஆராய்கின்றனர். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு இப்போது வழக்கிலுள்ள மருந்தையும் மறு பிரிவினர்க்குப் புதிய மருந்தையும் கொடுத்து ஒப்பிடுகின்றனர். எவர் எந்தப் பிரிவில் சேருவார் என்பதைக் குலுக்கல் போன்ற முறையே தீர்மானிக்கும். மருத்துவரின் விருப்போ நோயாளியின் செல்வாக்கோ அதில் தலையிடக்கூடாது. மருந்து விற்பனைக்கு வந்த பின்னரும் அதனைக் கண்காணித்து வருகின்றனர்.

இவ்வளவு படிகளைக் கடந்து வெல்லும் மருந்துகள் மிகச் சிலவே. மனிதரிடம் சோதனைக்கு வரும் புற்றுநோய் மருந்துகளுள் பத்தில் ஒன்றுகூட இறுதியில் தேறுவதில்லை. ஆகவே, "புதிய மருந்து" என்றாலே "நல்ல மருந்து" என்று பொருளாகாது. நல்லதா என்பது இன்னும் தெரியாத மருந்து என்பதே அதன் பொருள். இதை ஒளிக்காமல் நோயாளியிடம் கூறுவதே அறம்.

அறம் தவறிய இடங்கள்

அறம் எங்கும் காக்கப்பட்டதா? இல்லை என்பதை வரலாறு பயின்றவன் என்ற முறையில் நான் சொல்லியாகவேண்டும்.

கண்ணாடிக் கலத்தில் வளரும் உயிரணுக்களைப் பற்றிச் சொன்னேன். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்பட்டு வரும் அத்தகைய உயிரணுக்கள் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து வந்தவை. புகையிலை பயிரிட்ட ஏழைக் குடும்பத்தில் வளர்ந்த அவர், 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகச் சேர்ந்து, 31 வயதில் இறந்தார். அவரைக் கேளாமலே அவரது கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட அணுக்கள் சாகாமல் பெருகின. போலியோ தடுப்பூசி ஆய்வு முதல் புற்றுநோய் மருந்துகள் வரை அவற்றால் விளைந்த நன்மைக்கு அளவில்லை. ஆனால் அவருடைய பிள்ளைகளுக்கு இச்செய்தி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியாது. அந்த அணுக்களை விற்றுப் பொருளீட்டிய ஒரு நிறுவனம் அக்குடும்பத்தாரோடு உடன்பாடு செய்துகொண்டது 2023ஆம் ஆண்டில்தான்.

தொலைவில் நடந்ததென்று நாம் இருந்துவிட முடியாது. 1999 - 2000 ஆண்டுகளில், நம் பக்கத்து மாநிலத்தில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து அறிவியலாளர் ஒருவர் உருவாக்கிய வேதிப்பொருள், வாய்ப்புற்றுநோயாளர் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டது. அது சோதனை மருந்து என்பது தங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது நோயாளிகள் தரப்பின் முறையீடு. அம்மையத்திலேயே பணியாற்றிய மருத்துவர் ஒருவர் துணிந்து எழுப்பிய குரலால் 2001ஆம் ஆண்டில் செய்தி வெளிவந்தது. அப்பல்கலைக்கழகம் விசாரணை நடத்தி, தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை என்றும், மனிதர்க்குக் கொடுக்குமுன் விலங்குகளிடம் செய்யவேண்டிய பாதுகாப்புச் சோதனை போதிய அளவு செய்யப்படவில்லை என்றும் கண்டது. அந்த மையம் ஆயிரமாயிரம் ஏழைகளுக்கு உயிர் கொடுத்த இடம் என்பதையும் நான் மறைக்கவில்லை. நல்ல இடத்திலும் கேள்வி கேட்பார் இல்லையெனில் தவறு நுழைந்துவிடும் என்பதே நாம் பெறும் பாடம்.

அடுத்துச் சொல்லவிருப்பது ஒரு தலைமையாசிரியனாகிய என் நெஞ்சைச் சுட்ட செய்தி. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 2009ஆம் ஆண்டில், அன்றைய ஆந்திர மாநிலத்துக் கம்மம் மாவட்டத்திலும், குசராத்து மாநிலத்து வடோதரா மாவட்டத்திலும், பல்லாயிரம் சிறுமியர்க்குப் போட்டு ஆய்வு நடத்தினர். சிறுமியருள் பழங்குடி மாணவியர் பலர். அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்களும் அவர்களில் இருந்தனர். ஏழு சிறுமியர் இறந்த செய்தி பரவியதும், 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. அவ்விறப்புகளுக்கு ஊசி காரணமன்று என்றே பின்னர் விசாரணையில் கருதப்பட்டது. அத்தடுப்பூசியும் பயனுள்ளதே, இன்று உலக நலவாழ்வு நிறுவனம் அதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் ஒப்புதல் பெற்ற முறை எப்படியிருந்தது? நாடாளுமன்ற நிலைக்குழு 2013ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை கூறுகிறது: ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 படிவங்களில் கைநாட்டு; 2,763 படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரின் கையெழுத்து!

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். தாய் உயிரோடு இருக்கிறாள். தந்தை உயிரோடு இருக்கிறார். அவர்களுடைய மகளின் உடலுக்கு விடுதிக் காப்பாளர் ஒப்புதல் அளிக்கிறார். நம்பி ஒப்படைத்த பிள்ளைகளுக்கு ஆசிரியன் காவலனாக இருக்கலாம். உரிமையாளனாக ஆக முடியாது. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இவ்வாறு செய்ய எவரேனும் துணிவரா?

கைநாட்டின் வரலாறு நமக்குப் புதியதன்று. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாய் நம் மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் எத்தனை ஏக்கர், என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் வைத்த கைநாட்டினால் கைமாறிப் போயின! அன்று நிலம் போயிற்று. உடல் அவ்வாறு போகலாகாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

இத்தகைய தவறுகளுக்கு எதிராக மக்கள் போராடியதால் சட்டம் திருந்தியது. இரண்டாம் உலகப்போரில் நாஜி மருத்துவர் செய்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம், மனிதரின் சுதந்திரமான ஒப்புதலின்றி அவர்மீது ஆய்வு செய்தலாகாது என்னும் நெறியை 1947ஆம் ஆண்டில் வகுத்தது. 1964ஆம் ஆண்டில் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி நகரில் அதனை விரிவாக்கியது. நம் நாட்டில், இந்தூரைச் சேர்ந்த மக்கள் அமைப்பு ஒன்று 2012ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. அதன் பயனாக, ஒப்புதல் பெறும் நிகழ்ச்சியை ஒலி ஒளிப்பதிவு செய்யவேண்டுமென 2013ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. 2019ஆம் ஆண்டில் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகள் நடைமுறைக்கு வந்தன.

இவ்விதிகளின் சாரத்தை நீங்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்புதல் படிவமும் விளக்கத் தாளும் நோயாளிக்குத் தெரிந்த மொழியில் இருக்கவேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருந்து, அனைத்தும் விளக்கப்பட்டதைக் கண்டு கையொப்பமிட வேண்டும். படிவத்தின் படி ஒன்றை நோயாளியிடம் தரவேண்டும். முற்றிலும் புதிய மருந்தெனில், எளிதில் வற்புறுத்தப்படக்கூடிய நிலையிலுள்ளவர்கள் ஒப்புதல் தருவதை ஒலி ஒளிப்பதிவு செய்யவேண்டும். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். அவ்வாறு விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக்கூடாது. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தரவேண்டும். நம் நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனைகள் மக்கள் பார்வைக்குரிய அரசுப் பதிவேட்டில் பதியப்படவேண்டும். 2009ஆம் ஆண்டு சூன் முதல் இது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அப்பதிவேட்டை நம் இளைஞர் எவரும் கைப்பேசியிலேயே திறந்து பார்க்கலாம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தின் நான்கு கூறுகளைக் கூறுமிடத்து, நோயுற்றவரை முதலில் வைத்து, அதன் பின்னரே மருத்துவரையும், மருந்தையும், அருகிருந்து பேணுபவரையும் வைத்தார். அந்த வரிசை தவறாமல் இருப்பதற்கே இவ்விதிகள் எல்லாம்.

ஒரு தந்தையின் கையெழுத்து

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதை வாசிக்கக் கண் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர்களைத் தவிர்க்கிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தியின் தந்தை ஏலத்தோட்டத் தொழிலாளி. தொண்டையில் புற்றுநோய் கண்டது. வழக்கமான மருந்துகள் பலன் தராமல் போகவே, பெருநகரத்து மருத்துவமனை ஒன்றில் புதிய மருந்துச் சோதனையில் சேரும்படி கேட்டனர். அந்தப் பெண் நம் சங்கத்தின் உதவித்தொகையில் மேல்நிலைக் கல்வி முடித்தவள். "கையெழுத்தை நாளைக்குப் போடுகிறோம்" என்று சொல்லிவிட்டு, தாள்களை விடுதி அறைக்கு எடுத்துச் சென்று, இரவு முழுவதும் தந்தைக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினாள். விளங்காத சொற்களை அடிக்கோடிட்டாள். மறுநாள் மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மருத்துவர் சினம் கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விடை சொன்னார்.

எல்லாம் கேட்ட பின் தந்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "ஐயா, இந்த மருந்து எனக்குப் பலிக்குமா, எனக்குப் பின்னாலே வருகிறவர்களுக்குப் பலிக்குமா?" மருத்துவர், "உங்களுக்குப் பலிக்குமா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சி" என்றார். அந்த நேர்மையான விடையைக் கேட்டபின், அவர் பேனாவை வாங்கி, நம் சங்கத்தின் இரவுப் பள்ளியில் ஐம்பதாம் வயதில் கற்ற கோணல் எழுத்துகளில் தம் பெயரை எழுதினார். மருந்து அவர் நோயைத் தீர்க்கவில்லை. பதினான்கு மாதங்கள் வாழ்ந்து மறைந்தார். துக்கம் விசாரிக்கச் சென்ற என்னிடம் அந்தப் பெண் சொன்னாள்: "சார், அப்பாவை யாரும் ஏமாற்றி வாங்கவில்லை. அவர் தெரிந்துதான் கொடுத்தார்."

'வாங்கியது', 'கொடுத்தது' என்னும் இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரமே கல்வி. அறியாதவனிடமிருந்து வாங்குவது பறிப்பு. அறிந்தவன் கொடுப்பது கொடை. நம் முன்னோர் பறிகொடுத்தனர். நாம் கொடுப்பவராகவும் இருக்கலாம், மறுப்பவராகவும் இருக்கலாம். இரண்டும் நம் உரிமை.

எனவே, தாள் நீட்டப்படும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, இது சிகிச்சையா, சோதனையா? இரண்டு, சோதனையில் சேராவிட்டால் எனக்கு எந்த மருத்துவம் கிடைக்கும்? மூன்று, இதனால் நேரக்கூடிய தீங்குகள் யாவை. நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? நான்கு, இதன் பதிவு எண் என்ன. எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது. குறை இருந்தால் யாரிடம் சொல்வது? ஐந்து, மருந்து வெற்றி பெற்றால், சோதனை முடிந்த பிறகும் எனக்கு அது கிடைக்குமா? இந்த ஐந்துக்கும் பொறுமையாக விடை சொல்லும் மருத்துவரை நம்பலாம். சினந்து விழும் இடத்தில் கையெழுத்து வேண்டாம்.

விளைந்த பயன் யாருக்கு?

ஐந்தாவது கேள்வி இன்றியமையாதது. ஏழையின் உடலில் சோதித்த மருந்து, பணக்காரர் மட்டும் வாங்கும் விலையில் விற்குமானால் அது நீதியாகாது. இதற்கும் நம் நாட்டில் போராட்டம் நடந்துள்ளது. இரத்தப் புற்றுநோய் ஒன்றுக்குரிய கிளிவெக் என்னும் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கோரிச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006இல் அது மறுக்கப்பட்டது. வழக்கு வளர்ந்து, 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. இதனால் இந்திய நிறுவனங்கள் அம்மருந்தைக் குறைந்த விலையில் தொடர்ந்து செய்ய முடிந்தது. அதற்கு முன் 2012ஆம் ஆண்டில், மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விலையுள்ள ஈரல், சிறுநீரகப் புற்றுநோய் மருந்து ஒன்றை, 8,800 ரூபாய்க்கு விற்குமாறு இந்திய நிறுவனம் ஒன்றுக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. எட்டாயிரத்து எண்ணூறும் நம் தோட்டத் தொழிலாளிக்குச் சிறிய தொகை அன்று. ஆயினும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையிலிருந்து அது இறங்கி வந்ததே!

மருந்து ஆக்குவதிலும் நம் நாடு முன்னேறி வருகிறது. நோயாளியின் சொந்த இரத்த அணுக்களையே எடுத்து, புற்றுநோயோடு போராடுமாறு மாற்றி, மீண்டும் அவருடலில் செலுத்தும் முறையொன்றை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கின. 2023ஆம் ஆண்டில் அதற்கு அரசின் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையோடு ஒப்பிட்டால் பெரிதும் குறைவு. எனினும் பல இலட்சம் ரூபாய் ஆகிறது. அதை எளியவர்க்கும் எட்டச் செய்யும் பணி இனிவரும் தலைமுறைக்கு, அதாவது உங்களுக்கு, காத்திருக்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் நோட்டுப்புத்தகம் வழங்கியது, உதவித்தொகை வழங்கியது, இரவுப் பள்ளி நடத்தியது. இனிச் செய்யவேண்டியவற்றுள் இரண்டைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, ஊருக்கு இருவர் வீதம் படித்த இளைஞரைப் பழக்கி, மருத்துவமனைக்குச் செல்லும் நம் மக்களுக்குத் துணையாக அனுப்பவேண்டும். காப்பீட்டுத் திட்டத் தாளாயினும், அறுவைச் சிகிச்சைத் தாளாயினும், மருந்துச் சோதனைத் தாளாயினும், படித்துக் காட்டாமல் எவரும் கையொப்பமிடக் கூடாது என்பதை ஊர்க் கட்டுப்பாடாகவே கொள்ளவேண்டும்.

இரண்டாவது, 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்துச் சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு உறுப்பினர் இருத்தல் வேண்டும். அவர்களுள் மருத்துவர் அல்லாத பொதுமக்களில் ஒருவர், சட்டம் அறிந்தவர் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும்; உறுப்பினருள் பாதிப்பேர் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருக்கவேண்டும். அந்த நாற்காலிகளில் நம்மவர் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்? படுக்கையில் நம்மவர் இருக்கிறார்கள். மேசைக்கு அப்பாலும் நம்மவர் இருக்கவேண்டாமா? மருத்துவராக, செவிலியராக, மருந்தாளுநராக, புள்ளியியல் வல்லுநராக, வழக்கறிஞராக வாருங்கள். வர இயலாதவர், பொதுமக்களின் சார்பாளராக அந்தக் குழுக்களில் அமரும் தகுதியைப் பெறுங்கள். சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக 1927ஆம் ஆண்டில் மகத் நகரில் மக்களைத் திரட்டிச் சென்ற அண்ணல் அம்பேத்கர், உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் பயின்று திரும்பியவர். படிப்பு அவருக்கு எதற்குப் பயன்பட்டதோ, அதற்கே நம் படிப்பும் பயன்படவேண்டும்.

பெரியோர்களே, தாய்மார்களே! மருந்து வேண்டும். மருந்துக்குச் சோதனை வேண்டும். சோதனைக்கு மனிதர் வேண்டும். அந்த மனிதர் மனிதராக மதிக்கப்படவேண்டும். அஞ்சி விலகினால் நம் உடலுக்கேற்ற மருந்து நமக்குக் கிட்டாமற்போகும். அறியாமல் சேர்ந்தால் நாம் கருவியாவோம். அறிந்து, கேட்டு, ஆராய்ந்து, பின் கையெழுத்திடுவோம், அல்லது தலைநிமிர்ந்து மறுப்போம்.

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், நம் ஊர்களில் கைநாட்டு மை தேவைப்படாத நிலை உண்டாகட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.